ராட்டை, ஆலை, லெட்ஜர், ஏஐ: மதுரையில் வேலை மாறிய கதை

"ஏஐ வந்தா வேலை போயிடுமா?" என்ற கேள்வி இப்போது மதுரையில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. பி.காம் முடித்து டாலி படிக்கிற பெண், எல்காட் வளாகத்துக்குப் பேருந்தில் போகிற பையன், டிடிபி சென்டர் வைத்திருப்பவர், எல்லோரிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. பதில்களும் தயாராக இருக்கின்றன. ஒரு சாரார் "எல்லாம் போச்சு" என்கிறார்கள். இன்னொரு சாரார் "அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க, என்ன ஆச்சு? வேலை கூடத்தானே செஞ்சது?" என்கிறார்கள்.

இரண்டாவது பதிலைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வேலை கூடியது சரி, யாருக்குக் கூடியது? போன வேலை யாருடையது? நடுவில் எத்தனை வருஷம்? மதுரை இந்தக் கேள்விகளைக் கேட்க நல்ல ஊர். இங்கே இயந்திரம் ஒரு முறை வரவில்லை, பல முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களைத் தொட்டது. அந்த வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்றைய நிலைமையும் கொஞ்சம் தெளிவாகிறது.

முதலில் இன்றைய கணக்கு ஒன்றிரண்டு. 2024 ஜனவரியில் பன்னாட்டு நிதியம் ஓர் ஆய்வு வெளியிட்டது. உலக வேலைகளில் சுமார் 40 சதவீதம் ஏஐயின் தாக்கத்துக்கு உட்படும் என்றது. பணக்கார நாடுகளில் 60 சதவீதம், வளரும் பொருளாதாரங்களில் 40, ஏழை நாடுகளில் 26. "தாக்கம்" என்றால் வேலை போகும் என்று அர்த்தம் இல்லை, வேலைக்குள் இருக்கிற சில பணிகளை ஏஐ செய்ய முடியும் என்றுதான் அர்த்தம். 2023-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, அதிகத் தாக்கம் எழுத்தர் வேலைகளுக்குத்தான் என்றது. அதிலும் பெண்களின் பங்கு அதிகம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம்.

நூற்றவர்களும் நெய்தவர்களும்

மதுரை நெசவு என்றதும் நமக்கு சௌராஷ்டிரர்கள் ஞாபகம் வரும். நாயக்கர் காலத்தில் இங்கே வேரூன்றிய சமூகம். பட்டும் பருத்தியும் நெய்தார்கள், சாயம் போட்டார்கள், சுங்குடி கட்டினார்கள். அவர்களைப் பற்றி எழுத்துப் பதிவுகள் நிறைய உண்டு. பாடசாலை, சபை, வழக்கு, மனு என்று தடயங்கள் கிடைக்கும்.

ஆனால் தறியில் ஏறும் நூல் எங்கிருந்து வந்தது? திருமங்கலம், விருதுநகர் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி விளைந்தது. அதைக் கொட்டை நீக்கி, பஞ்சாக்கி, ராட்டையில் நூலாக்கியவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். வீட்டு வேலை, காட்டு வேலை போக மிச்ச நேரத்தில் நூற்றார்கள். கணவனை இழந்த பெண்களுக்கு இது முக்கியமான பிழைப்பு. இது புதுசும் இல்லை. புறநானூற்றிலும் நற்றிணையிலும் நூற்கும் பெண்கள் வருகிறார்கள், ஆண் துணை இல்லாமல் நூற்றுப் பிழைக்கிறவள் உட்பட. ஆக இரண்டாயிரம் வருஷத்து வேலை.

ஒரு நெசவாளி தறியை நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமானால் அவருக்குப் பின்னால் பலர் நூற்றுக்கொண்டே இருக்க வேண்டும். நெசவைவிட நூற்பு அவ்வளவு மெதுவான வேலை. இதனால்தான் இயந்திரம் முதலில் அங்கே கை வைத்தது. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நூற்பு இயந்திரங்கள் வந்தபோது கை நூற்புக்கும் இயந்திர நூற்புக்கும் இருந்த வேக வித்தியாசம் மடங்குக் கணக்கில் இருந்தது. விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் அவ்வளவு வித்தியாசம் கிடையாது.

19-ஆம் நூற்றாண்டில் லங்காஷயர் நூல் தமிழ்நாட்டுச் சந்தைக்கு வந்து சேர்ந்தது. 1875-இல் ரயில் மதுரைக்கு வந்தது. 1892-இல் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஹார்வி சகோதரர்களின் மதுரை ஆலை நூற்க ஆரம்பித்தது. ஆலை நூல் மலிவு, ஒரே சீராகவும் இருந்தது. நெசவாளி அதை வாங்கினார். வாங்காமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரே இயந்திரம், பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு வேலைகளுக்கு நேர் எதிரான விளைவைத் தந்தது. நூற்பவர்களின் வேலை போனது. நெசவாளிகளின் மூலப்பொருள் மலிவானது. இந்தியக் கைத்தறி அழிந்தே போனது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பொருளாதார வரலாற்றாளர் தீர்த்தங்கர் ராய் போன்றவர்கள் அதை மறுத்து, 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கைத்தறி பிழைத்ததோடு சில இடங்களில் வளரவும் செய்தது என்று காட்டியிருக்கிறார்கள். அமிய குமார் பாக்சி பீகார் கணக்குகளை வைத்து எழுதியபோது தொழில் அழிவு மிகப் பெரியதாகத் தெரிந்தது. அந்தக் கணக்கில் நூற்பவர்கள் பெரிய பங்கு. இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களை எண்ணுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் சண்டை பாதி தீர்ந்துவிடுகிறது.

பிழைத்த நெசவாளியும் பழைய நெசவாளி இல்லை. முன்பு நூல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தது. இப்போது நூல் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்க வேண்டும். நூல் விலையை முடிவு செய்வது பம்பாயோ மான்செஸ்டரோ. துணியை வாங்கிக்கொள்பவரும் பெரும்பாலும் அதே வியாபாரி. தறி அவருடையது, வீடு அவருடையது, ஆனால் நூல் வாங்கும் இடமும் துணி விற்கும் இடமும் அவர் கையில் இல்லை. சொல்லப்போனால் கூலிக்காரர் ஆகிவிட்டார், ஆனால் தன் வீட்டிலேயே உட்கார்ந்து.

நூற்றவர்கள்? அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததாகவோ, மனு கொடுத்ததாகவோ மதுரையில் நான் எதையும் பார்த்ததில்லை. ஆச்சரியமில்லை. அது "தொழில்" என்றே யாரும் எழுதி வைக்கவில்லை. மிச்ச நேர வேலை, பெண்கள் வேலை, வீட்டு வேலை. பதிவேட்டில் இல்லாத வேலை போகும்போது பதிவேட்டில் எந்த மாற்றமும் தெரியாது.

சாயவேரும் ஜெர்மன் டப்பாவும்

மதுரையின் சிவப்பு பேர்போனது. அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. மணற்பாங்கான நிலத்தில் தானாக வளரும் சின்னச் செடி, அதன் வேரைத் தோண்டி எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையிலும் மன்னார்ப் பக்கத்திலும் இதைத் தோண்டுவதே பிழைப்பாகக் கொண்ட மக்கள் இருந்தார்கள். வேரை இடித்து, ஊறவைத்து, எண்ணெயும் காரமும் சேர்த்து, நூலைத் திரும்பத் திரும்பத் தோய்த்துக் காயவைக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகிற வேலை.

1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்புச் சாயப் பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அடுத்த வருஷமே காப்புரிமை, பிறகு தொழிற்சாலை. கொஞ்ச காலத்தில் டப்பாவில் அடைத்த அலிசரின் மதுரைக்கும் வந்தது. சாயக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நூலை எப்படிப் பதப்படுத்துவது, வைகைத் தண்ணீரில் எப்படி அலசுவது என்ற கைப்பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. புதுப் பொருள் அதன் மேல் உட்கார்ந்தது. மதுரையில் சாயத் தொழில் சுருங்கவில்லை, பெருகியது. 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெஜட்டியரில் நெசவும் சாயமும் இந்த ஊரின் முக்கியத் தொழில்களாக வருகின்றன. வேர் தோண்டியவர்களின் பிழைப்புதான் போனது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியது. ஜெர்மனி எதிரி நாடு ஆனது. சாய வரத்து நின்றது, விலை எகிறியது. பழையபடி வேருக்குத் திரும்பலாம் என்றால், தோண்டுகிற ஆளும் இல்லை, இடித்துச் சாயமேற்றுகிற பழக்கமும் ஒரு தலைமுறையில் கைவிட்டுப் போயிருந்தது. மலிவாக வந்த பொருள் கைக்கு எட்டாமல் போகும்போது அதற்கு முன் இருந்த வழியும் அடைபட்டிருந்தது.

இன்றைக்கு மொழிபெயர்ப்பு, கணக்கு, வரைவு எழுதுவது எல்லாவற்றையும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மாதச் சந்தாவில் ஓட்டுகிற சின்ன அலுவலகங்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். சந்தா இன்று மலிவு. நாளைக்கு விலையைக் கூட்டினாலோ நிறுத்தினாலோ, அந்த வேலையைக் கையால் செய்யத் தெரிந்த ஆள் அலுவலகத்தில் மிச்சம் இருப்பாரா?

சங்கு ஊதின காலம்

மதுரைக்காரர்களுக்கு ஹார்வி மில் என்றால்தான் புரியும். பிறகு மதுரா கோட்ஸ். ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் விசையை வைத்து முதல் ஆலை போட்டார்கள். அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் மதுரை. 1974-இல் ஜே அண்டு பி கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. மில் சங்கை வைத்து வீட்டில் உலை வைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஆலை வேலை கொடுத்தது. ரொம்பப் பேருக்குக் கொடுத்தது. பஞ்ச காலத்தில் கிராமத்தை விட்டு வந்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலாகக் காட்டியது. திருப்பரங்குன்றம் பக்கம் தொழிலாளர் குடியிருப்பாக எழுந்த ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. ஆக, "இயந்திரம் புது வேலையை உண்டாக்கும்" என்பது பொய்யில்லை.

ஆனால் இரண்டு விஷயம். ஒண்ணு, கரிசல் காட்டில் வீட்டுத் திண்ணையில் நூற்ற விதவைப் பெண் அந்த வேலைக்கு வரவில்லை. வந்தது பெரும்பாலும் வேறு ஊர், வேறு வயது, வேறு ஆள். மொத்தக் கணக்கில் கழித்தலும் கூட்டலும் சமமாகலாம். ஒரு குடும்பத்துக்குள் அது சமமாகாது.

இரண்டாவது, ஆலை வேலை "நல்ல வேலை" ஆக எத்தனை வருஷம் பிடித்தது என்பது. 1892-இல் ஆலை ஓட ஆரம்பித்தது. ஜவுளி ஆலைகளில் வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான் என்று சட்டம் வந்ததே 1911-இல். மதுரைத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டது 1918 வாக்கில். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்களோடு நின்றார். டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு அந்த வருஷம் மதுரையில் பேசியதற்காக ராஜத்துரோக வழக்கைச் சந்தித்தார். வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற வரம்பு 1922-இல். சங்கம் வைப்பது சட்டப்படி செல்லும் என்ற நிலை 1926-இல். ஆலை தொடங்கி 34 வருஷம். பதினைந்து வயதில் உள்ளே போன ஒருவருக்கு அப்போது 49 வயது. அவருடைய உழைப்புக் காலம் முழுக்க "இடைக்காலத்திலேயே" கழிந்துவிட்டது.

"நீண்ட கால நோக்கில் எல்லாம் சரியாகிடும்" என்று பொருளாதாரக் கட்டுரைகளில் படிக்கும்போது இந்த 34 வருஷத்தை ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது.

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தி மதுரையில்தான் அரையாடைக்கு மாறினார். மேலமாசி வீதி வீடு, அதற்குப் பின்னால் இருக்கிற ஏழைகள் மீதான பரிவு, எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அந்த வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் நூற்பாலை 29 வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ராட்டை அழிந்த ஊரில்தான் அவர் ராட்டையைப் பற்றிப் பேசினார். 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் ஆரம்பமானது. கொஞ்ச வருஷத்தில் அதற்குள் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது: கதர் மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காக நூற்கும் பெண்ணுக்கு அரையணா, ஓரணா கொடுப்பது நியாயமா? 1935-இல் வாழத் தகுந்த குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை சங்கம் ஏற்றது. கதர் விலை கூடும், விற்பனை குறையும் என்று தெரிந்தே ஏற்றது. நூற்பு என்பதை எண்ணப்படுகிற, விலை வைக்கப்படுகிற வேலையாக ஓர் அமைப்பு நடத்தியதை நான் இங்கேதான் பார்க்கிறேன். அதற்குள் பெரும்பாலான ராட்டைகள் பரணுக்குப் போய்விட்டன.

லெட்ஜர் மெஷின்

இனி "கம்ப்யூட்டர் வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க" என்கிற கதை.

1960-களில் எல்ஐசி கம்ப்யூட்டர் கொண்டுவரத் திட்டமிட்டபோது கல்கத்தாவில் ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் கட்டடத்தை இரவு பகலாகக் காவல் காத்துத் தடுத்தார்கள். மத்திய அரசு வி.எம். தண்டேகர் தலைமையில் ஒரு குழு போட்டது. வங்கிகளிலும் இழுபறி. கடைசியில் 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வரலாம், ஆனால் வரம்போடு. யாரையும் ஆட்குறைப்பு செய்வதில்லை. மெஷினில் வேலை பார்ப்பவருக்குத் தனி அலவன்ஸ். அதைத் தொடர்ந்து சி. ரங்கராஜன் தலைமையிலான குழு எப்படிப் படிப்படியாகக் கணினிமயமாக்குவது என்று வரைந்து கொடுத்தது.

தொழிலாளர் வரலாற்றில் இது ஒரு நல்ல ஒப்பந்தம். நூற்பவர்களுக்குக் கிடைக்காத எல்லாம் வங்கிக் குமாஸ்தாவுக்குக் கிடைத்தது. பேச ஆள் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, எழுத்துப்பூர்வமான உறுதி இருந்தது. உள்ளே இருந்தவர்கள் வேலையை இழக்கவில்லை. 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அவர்களும் கையில் ஒரு தொகையோடுதான் போனார்கள்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? வாசலில் நின்றவர்களுக்கு.

1980-களில் மதுரையில் ஒரு பட்டதாரியின் வழக்கமான பாதை என்ன? காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். இங்கிலீஷ் லோயர், ஹையர், முடிந்தால் தமிழும். கூடவே ஷார்ட்ஹேண்ட். பிறகு வங்கித் தேர்வு, சர்வீஸ் கமிஷன் தேர்வு. அம்மா நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டிய வீடுகள் உண்டு. அந்தப் பாதையில் வங்கிக் கதவு 1990-களில் மெதுவாகச் சாத்தப்பட்டது. ஆள் எடுப்பது குறைந்துகொண்டே போய், கடைசியில் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்களே 2001-இல் கலைக்கப்பட்டன. பொதுத்துறை வங்கிகளுக்கான பொது எழுத்தர் தேர்வு ஐபிபிஎஸ் மூலம் வந்தது 2011-இல். யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை, சரி. எடுக்கவும் இல்லை. வேலைக்கே சேராதவன் எந்த ஆட்குறைப்புப் பட்டியலிலும் வர மாட்டான்.

தட்டச்சு இயந்திரமும் போனது. அலுவலகத் தட்டச்சு இயந்திரம் செய்வதை கோத்ரெஜ் 2009-இல் நிறுத்தியது. ஆனால் தட்டச்சுத் தேர்வு போகவில்லை. அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் இன்ஸ்டிட்யூட்கள் தொடர்ந்து நடந்தன. இயந்திரம் போன பிறகும் சான்றிதழ் மட்டும் நிற்பது நம் ஊர் விசேஷம்.

அதே காலத்தில் கம்ப்யூட்டர் வேலை பெருகியதும் உண்மை. சென்னை, பெங்களூரு, அமெரிக்கா. ஆனால் அது பி.இ. படித்தவர்களுக்கு, ஆங்கிலம் பேசியவர்களுக்கு, ஊரைவிட்டுப் போக முடிந்தவர்களுக்கு. தெற்குமாசி வீதியில் டைப்பிங் படித்து மதுரையிலேயே வங்கி வேலைக்குக் காத்திருந்த பெண்ணுக்கு அந்த வேலை இல்லை. மறுபடியும் அதே கணக்குதான். மொத்தம் கூடியது, ஆள் மாறியது, ஊரும் மாறியது.

இப்போது

இன்றைய மதுரைக்கு வருவோம். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் வளாகங்கள். எச்சிஎல், ஹனிவெல் போன்ற பெரிய பெயர்கள். மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025-இல் அடிக்கல் நாட்டினார்கள். இவற்றைச் சுற்றி மெடிக்கல் கோடிங், டேட்டா என்ட்ரி, கணக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு, டிடிபி என்று சின்னச் சின்ன இடங்களில் ஆயிரக்கணக்கானோர். "ஊரைவிட்டுப் போகாமல் ஒரு வேலை" என்ற ஆசைக்கு மதுரையில் கடைசியாகக் கிடைத்த பதில் இதுதான். ஏஐ முதலில் செய்யப் பழகியிருப்பதும் இதே மாதிரி வேலைகளைத்தான்.

2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் மொத்த ஆள் எண்ணிக்கை குறைந்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இதற்கெல்லாம் ஏஐ மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு ஆர்டர் மந்தமும் காரணம். நிறுவனமே இது ஏஐயால் இல்லை என்றுதான் சொன்னது. காரணம் எதுவானாலும், புதிதாக எடுப்பது குறைந்தால் அடிபடுவது கல்லூரியின் கடைசி வருஷத்தில் இருப்பவர்கள். 1990-களில் வங்கி வாசலில் நடந்தது கேம்பஸ் இன்டர்வியூவில் நடக்க வாய்ப்பு இருக்கிறது. செய்தியில் "ஆட்குறைப்பு இல்லை" என்று வரும், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

இன்னொரு பக்கம், ஏஐயே உண்டாக்கிய வேலைகள். படத்தில் எது கார், எது மாடு என்று கோடு போட்டுக் குறிப்பது, ஏஐ சொன்ன பதில் சரியா என்று மதிப்பெண் போடுவது, தமிழில் பேசிப் பதிவு செய்து கொடுப்பது. இந்த ஏஐ அலைக்கு அடித்தளம் போட்ட இமேஜ்நெட் தொகுப்பில் 1.4 கோடிப் படங்கள். 167 நாடுகளிலிருந்து சுமார் 49,000 பேர் இணையம் வழியாகச் சில்லறைக் கூலிக்கு அவற்றைக் குறியிட்டார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் இப்படிப்பட்ட வேலை வந்திருக்கிறது.

2025 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் கரூரைப் பற்றி ஒரு செய்தி வந்தது. ஆப்ஜெக்ட்வேஸ் என்ற தரவு நிறுவனத்தில் இளைஞர்கள் தலையில் கேமரா மாட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள். ஒரே துண்டை மறுபடி மறுபடி, ஒரே மாதிரி. எந்தக் கை முதலில் நீள்கிறது, எந்த விரல் எங்கே பிடிக்கிறது என்பதெல்லாம் ரோபோவுக்குப் பாடமாகப் போகிறது. கரூர் என்ன ஊர்? வீட்டு உபயோகத் துணிகள் நெய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர். துண்டு நெய்த ஊரில் இப்போது துண்டு மடிப்பதும் ஏற்றுமதி ஆகிறது. அதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்த இளைஞர்களுக்கு அது குளிர்சாதன அறையில் மாதச் சம்பளம். ஆனால் பழைய நெசவாளி துண்டை விற்றார், அடுத்த மாதம் இன்னொரு துண்டு நெய்ய அவருடைய கைப்பழக்கம் அவரிடமே இருந்தது. இங்கே விற்கப்படுவது கைப்பழக்கமே. ஒரு முறை இயந்திரம் கற்றுக்கொண்டால் அதே பாடத்துக்கு மறுபடி ஆள் வேண்டாம்.

இந்த இடத்தில் 1935-ஆம் வருஷத்து நூற்போர் சங்கக் கேள்வி திரும்ப வருகிறது. பெங்களூருவைச் சேர்ந்த கார்யா என்ற அமைப்பு கிராமத்து மக்களிடம் அவரவர் மொழியில் குரல் பதிவு வாங்குகிறது. வழக்கமான கூலியைவிடப் பல மடங்கு கொடுக்கிறது. அந்தத் தரவு மறுபடி விற்கப்பட்டால் பேசியவருக்கும் பங்கு உண்டு என்ற ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. ஆக, அப்படிச் செய்ய முடியாது என்பது பொய். செய்ய வேண்டிய கட்டாயம் மற்றவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இணையத் தள வேலை, கிக் வேலை என்ற சொற்கள் இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்தது இதன் மூலம்தான். அதன் அட்டவணையில் வாடகை வண்டி, உணவு விநியோகம் என்று வகைகள் இருக்கின்றன. தரவு குறியிடலுக்குத் தனி வரி கிடையாது. "மற்றவை" என்ற கடைசி வரிக்குள் நுழைத்துப் பார்க்கலாம். நூற்பவர்களுக்கு அந்த "மற்றவை"கூட இல்லை என்பதால் இதை முன்னேற்றம் என்றே சொல்வேன்.

பழைய கணக்கு சொல்வது

இத்தனையையும் அடுக்கிப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இவை.

இயந்திரம் "வேலை"யை எடுப்பதில்லை, வேலைக்குள் ஒரு கண்ணியை எடுக்கிறது. அந்தக் கண்ணி மட்டுமே வேலையாக இருந்தவருக்கு எல்லாம் போகிறது, நூற்றவருக்குப் போன மாதிரி. அடுத்த கண்ணியில் இருந்தவர் பிழைக்கிறார், நெசவாளி பிழைத்த மாதிரி. அவருக்கும் புதுக் கடன், புதுச் சார்பு வருகிறது. ஆகவே "என் வேலை போகுமா" என்று கேட்பதைவிட, "என் வேலையில் எந்தக் கண்ணி போகும், அது போனால் மிச்சத்துக்கு யார் என்ன விலை வைப்பார்கள்" என்று கேட்பது உபயோகமானது.

பேரம் பேச முடிந்தவர்கள் வங்கி ஊழியர்கள் மாதிரி இருக்க வேண்டும், அதாவது எண்ணப்பட்டவர்களாக, ஒன்றாக இருப்பவர்களாக. ஆனால் அந்தப் பேரமும் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்றால் செலவு முழுக்க அடுத்த தலைமுறை தலையில் விழும். 1983 ஒப்பந்தத்தில் ஆட்குறைப்பு கூடாது என்று எழுதியவர்கள் வருஷத்துக்கு இத்தனை பேரைப் புதிதாக எடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் மதுரையின் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் தலைமுறைக்கு வேறு கதை இருந்திருக்கலாம். இன்றைக்கு எல்காட் வளாகத்துக்கு நிலமும் சலுகையும் கொடுக்கிற அரசு அந்த வரியைக் கேட்க முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், குறிப்பாக நம் ஊர்க் கல்லூரிகளில் பொருளாதாரம், வரலாறு, சமூகவியல் படிக்கிறவர்களுக்கு. அமெரிக்கன் கல்லூரி 1881-லிருந்து இருக்கிறது, காமராஜர் பல்கலைக்கழகம் 1966-லிருந்து. ஆனால் இந்த ஊரில் நூற்ற ஒரு பெண் ஒரு நாளைக்கு எவ்வளவு நூற்றாள், எவ்வளவு கிடைத்தது, எந்த வருஷம் நிறுத்தினாள் என்று அவள் வாயாலேயே சொன்ன பதிவு ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. இன்று தரவு குறியிடுகிறவர்கள், மெடிக்கல் கோடிங் பார்க்கிறவர்கள், டிடிபி செய்கிறவர்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். ஒரு படத்துக்கு எவ்வளவு, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு, எத்தனை பேர் இருந்த அறையில் இப்போது எத்தனை பேர் என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வைத்தால் போதும். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு இந்த வருஷம் மதுரையில் கிடைக்காது.